வெட்டி எடுத்த மூச்சு

பெல் லாண்டிங், மிசிசிப்பி
பிப்ரவரி 12, 2023

அன்புள்ள வொனெட்டா அக்காவுக்கு,

லட்ரீஸ் எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையில் நானும் கெல்வினும் சுகம். அட்லாண்டா குளிரில் உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது?

கையில் போன் இருக்க இவள் எதற்குக் காகிதத்தைத் தேடுகிறாள் என்று முகத்தைச் சுளிப்பாய். நன்றாகச் சுளித்துக்கொள். போன வருஷம் என் கரு கலைந்தபோது போனில் உன்னிடம் அழுதேன். இரண்டு வாரம் கழித்து, பள்ளிக்கூட பஸ்ஸை ஓட்டிக்கொண்டே உன் பாட்காஸ்ட்டைப் போட்டால், "என் தங்கச்சி ஒருத்திக்கு" என்று ஆரம்பிக்கிறாய். உனக்கு இருப்பதே ஒரு தங்கச்சி. அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் மேபலீன் அம்மாள் ஒரு முழு கேக்கைக் கொண்டுவந்து என் மடியில் வைத்துவிட்டு, "உன் அக்கா ரேடியோவுல சொன்னா, கேட்டேம்மா" என்றாள். அது ரேடியோ இல்லை என்று அவளுக்கு விளக்கவா, அழவா?

கோபம் ஆறிவிட்டது. தலை வலிக்குது, தலை வலிக்குது என்று சொல்லிச் சொல்லியே அம்மா போனாள். ஒரு டாக்டரும் காது கொடுக்கவில்லை. அதனால்தான் நீ 'உடம்பு பேசுது' ஆரம்பித்தாய். நம் கறுப்பு ஜனங்கள் சொல்வதை வேறு யாரும் கேட்கப்போவதில்லை, நாமே ஒருவரை ஒருவர் கேட்போம் என்றாய். அந்த எண்ணத்தில் எனக்குக் குறை இல்லை. என்னைக் கேட்காமல் செய்ததுதான் குறை.

ஆகையால் இன்று முதல் ஒரு ஒப்பந்தம். என் குரல் உன் மைக்குக்கு. என் கடிதம் உனக்கு மட்டும். காகிதத்தில் வருவது வெளியே போகக் கூடாது.

இப்போது சேதி. எனக்கு ஐந்து மாதம். இந்தத் தடவை நன்றாகத் தங்கிவிட்டது. ஜூனில் குழந்தை. வாரா வாரம் ஒரு தாயின் பேச்சு என்று உன் நிகழ்ச்சிக்கு நானே பேசி அனுப்புகிறேன். நீ கேட்காமல் நானாகவே தருகிறேன் என்பதைக் கவனி.

உன் உடம்பைக் கவனித்துக்கொள்.
உன் ஒரே தங்கச்சி,
லட்ரீஸ்


அட்லாண்டா
மார்ச் 5, 2023

என் லட்ரீஸ் குட்டிக்கு,

அக்கா நலம். உன் கடிதத்தைச் சமையலறையில் நின்றபடியே படித்துவிட்டு ஒரு குதி குதித்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. ஆகவே இடுப்பைப் பற்றிய உன் கேள்விக்குப் பதில், நீதான் காரணம்.

மன்னிப்புக் கேட்பது எனக்கு வராது என்று உனக்குத் தெரியும். அதற்குப் பதிலாகக் குழந்தைப் போர்வை ஒன்று அனுப்பியிருக்கிறேன். ஒப்பந்தத்துக்குச் சம்மதம்.

இனி வேலை. பேசும்போது துணி அலமாரிக்குள் போய் உட்கார். கதவைச் சாத்திக்கொள். தொங்கும் துணிகள் எதிரொலியைக் குடித்துவிடும். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். போனை வாய்க்கு ஒரு சாண் தள்ளிப் பிடி. திக்கினாலும் தும்மினாலும் நிறுத்தாதே. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். மூச்சு வாங்குவது, இழுப்பது, எச்சில் விழுங்குவது எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிடுவேன். நம் பெண்களை டிவியில் காட்டினாலே அழுது மூச்சிரைக்கிறவர்களாகத்தான் காட்டுகிறார்கள். என் நிகழ்ச்சியில் அவர்கள் ராணி மாதிரி பேசுவார்கள். அதில் எனக்கு ஒரு பிடிவாதம்.

கெல்வினை உன் கால் அமுக்கிவிடச் சொல். மீன் ஆலையில் நின்று களைத்து வந்தேன் என்று அவன் சாக்குச் சொன்னால் எனக்கு எழுது.

முத்தங்களுடன்,
அக்கா


பெல் லாண்டிங்
ஏப்ரல் 16, 2023

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம், வயிறும் சுகம். வயிறு இப்போது என்னைவிட முன்னால் அறைக்குள் நுழைகிறது.

செவ்வாய்க்கிழமை நீ போட்ட என் பேச்சைச் சாப்பிடும்போது கெல்வினுக்குப் போட்டுக் காட்டினேன். சோளரொட்டியைக் கையில் பிடித்தபடி வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தான்.

"யாருடி இது?"

"நான்தான்."

"நீயா? நீ பேசினா நடுவுல நடுவுல ஒரு பெருமூச்சு விடுவியே. அதெல்லாம் எங்க?"

"அக்கா வெட்டிட்டா."

"வெட்டி?"

"குப்பையில போட்டுருப்பா."

"அடப் பாவமே. நான் கல்யாணம் பண்ணிக்கிட்டதே அந்தப் பெருமூச்சைத்தானே."

அதைச் சொல்லிவிட்டுக் கீரையை இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டான். நீ தம்பி என்று கூப்பிடுகிற இவன் இப்படித்தான், நல்ல வார்த்தை சொன்னால் உடனே சாப்பிட ஆரம்பித்துவிடுவான்.

எனக்கும் என் குரலைக் கேட்க ஆசையாகத்தான் இருந்தது. இவ்வளவு தெளிவாக, தைரியமாக யார் பேசுவது என்று பொறாமைகூட வந்தது. சர்ச்சில் எல்லோரும் என்னைப் புதுசாகப் பார்க்கிறார்கள். பாடற்குழுவிலிருந்து மட்டும் பிரசவம் வரைக்கும் விடுப்பு வாங்கிக்கொண்டேன். வயிறு முட்டுகிறது, நீளமான அடிகளை இழுக்க முடியவில்லை.

பிரசவத்துக்கு வருவாய்தானே? பதில் போடு.
லட்ரீஸ்


பெல் லாண்டிங்
ஜூலை 9, 2023

அன்புள்ள அக்காவுக்கு,

ஏப்ரலில் எழுதியதற்குப் பதில் இல்லை. ஆனால் செவ்வாய்தோறும் உன் குரல் வருவதால் நீ நலம் என்று தெரிந்துகொள்கிறேன். ஊருக்கெல்லாம் அக்கா கிடைக்கிறாள், எனக்கும் அந்த வரிசையில் ஓர் இடம்.

குழந்தை பிறந்த அன்று நீ ஹியூஸ்டனில் மேடையில் இருந்தாய். பூங்கொத்து வந்தது, பெரிசு. கெல்வின் அதைப் பிரிட்ஜின் மேல் வைத்தான். குழந்தைக்கு ஒடெஸா என்று அம்மா பெயரையே வைத்துவிட்டோம். நெற்றி அம்மாவுடையது. கோபம் உன்னுடையது. தொட்டிலில் போட்டால் கத்துகிறாள், என் மார்மேல் போட்டால்தான் தூங்குகிறாள். நானும் அப்பாவின் பழைய சாய்வு நாற்காலியிலேயே தூங்கப் பழகிவிட்டேன். படுக்கையில் மல்லாந்து படுத்தால் தூக்கம் பிடிப்பதில்லை. எல்லாம் இவளால் வந்த பழக்கம்.

கால் வீக்கம் இன்னும் வடியவில்லை. கெல்வினுடைய செருப்பைப் போட்டுக்கொண்டு சர்ச்சுக்குப் போனேன். மேபலீன் அம்மாள் என் காலைப் பார்த்தாள், பிறகு கெல்வின் காலைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. கெல்வினுடைய அம்மா, "பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்கிறாள்.

அலமாரிக்குள் உட்கார்ந்து பேசும்போது புழுக்கமாக இருக்கிறது. கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொள்கிறேன், பரவாயில்லையா?

எப்போது வருகிறாய்?
லட்ரீஸ், ஒடெஸா


அட்லாண்டா
ஆகஸ்ட் 6, 2023

என் லட்ரீஸ் குட்டிக்கும் குட்டியின் குட்டிக்கும்,

அக்கா நலம், அக்காவுக்கு வெட்கம். உன் இரண்டு கடிதங்களும் மைக்குக்குப் பக்கத்தில் ஒரு மாதமாக என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தன.

உன் பேச்சுக்கு எப்படி வரவேற்பு தெரியுமா? டெட்ராய்ட்டிலிருந்து ஒரு பெண், "உங்கள் தங்கையின் குரலைக் கேட்டால் எனக்குத் தெம்பு வருகிறது, தாய்மை இவ்வளவு லேசானதா" என்று எழுதியிருக்கிறாள். உன்னால் இந்த வருஷம் கேட்கிறவர்கள் இரண்டு மடங்காகிவிட்டார்கள்.

தூக்கத்துக்குச் சரிவான தலையணை ஒன்று அனுப்பியிருக்கிறேன். வீக்கத்துக்கு உப்பைக் குறை, காலைத் தூக்கி வை. போன வாரம் நிகழ்ச்சியில் நான் சொல்லிக்கொடுத்த மூச்சுப் பயிற்சியைச் செய். மெதுவாக நான்கு எண்ணி உள்ளே இழு, நிறுத்து, நான்கு எண்ணி வெளியே விடு. மனசு அமைதியாகும், தூக்கமும் வரும்.

கதவைத் திறந்து வைத்துப் பேசாதே, கண்ணே. பிரிட்ஜ் உறுமுவது உன் குரலுக்குள் விழுகிறது. ஒரு கால் மணி நேரம் பொறுத்துக்கொள்.

நேற்று இதய டாக்டரம்மா ஒருவரைப் பதிவு செய்தேன். நம் ஆள்தான், மெம்ஃபிஸ்காரர். பிரமாதமான பேச்சு. பிப்ரவரி இதய மாதம் என்பதால் அதற்கென்று எடுத்து வைத்திருக்கிறேன். கேட்டால் அசந்துபோவாய்.

நன்றி கூறும் நாளுக்கு நிச்சயம் வருகிறேன். நான் மக்ரோனி செய்கிறேன், நீ அதில் கை வைக்காதே.

அக்கா


பெல் லாண்டிங்
ஆகஸ்ட் 27, 2023

அன்புள்ள அக்காவுக்கு,

ஒடெஸா சுகம். ஒரு பக்கமாகச் சிரிக்கக் கற்றுக்கொண்டாள். தலையணைக்கு நன்றி.

ஒரு கூத்து நடந்தது, கேள். புதன்கிழமை கிளினிக்குக்குப் போயிருந்தேன். ரத்த அழுத்தம் பார்க்கும் நர்ஸ் என் பெயரைப் படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"இருங்க, நீங்க வொனெட்டா தங்கச்சி லட்ரீஸா? 'உடம்பு பேசுது' லட்ரீஸ்?"

"ஆமா."

"நேத்துதான் கார்ல கேட்டுக்கிட்டே வந்தேன். என்ன குரல்மா அது, கணீர்னு. நானும் ரெண்டு பெத்தவ, எனக்கு ஆறு மாசத்துக்கு வாயத் தொறக்கத் தெம்பு இல்ல."

அவள் பெயர் ட்ரினா. என்னோடு படம் எடுத்துக்கொண்டாள், பக்கத்து அறையிலிருந்து இன்னும் இரண்டு பேரைக் கூட்டி வந்தாள். இந்த ஊரில் பிறந்து இத்தனை வருஷத்தில் கிளினிக்கில் எனக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டது இதுதான் முதல் தடவை. உன் பெயரைச் சொல்லி மரியாதை.

வீட்டுக்கு வந்ததும் கெல்வின் தொணதொணவென்று ஆரம்பித்தான். ஜாக்சனில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்கிறான். உன் கடைசி நிகழ்ச்சியைப் போட்டு அவன் காதில் வைத்தேன். "இதக் கேட்டுச் சொல்லு, இது நோயாளி பேசுற மாதிரியா இருக்கு?" என்றேன். முழுக்கக் கேட்டான். "இல்லதான்" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டான். நிஜமாகச் சொல்கிறேன் அக்கா, சோர்வாக இருக்கும்போது நானே அதைப் போட்டுக் கேட்கிறேன். கேட்டதும் இவ்வளவு நன்றாகத்தானே இருக்கிறோம் என்று தோன்றுகிறது.

உன் மூச்சுப் பயிற்சி மட்டும் எனக்கு வரவில்லை. இரண்டு எண்ணுவதற்குள் தீர்ந்துபோகிறது. சின்ன வயசிலும் நீதான் தண்ணீருக்கடியில் அதிக நேரம் இருப்பாய்.

லட்ரீஸ்


அட்லாண்டா
செப்டம்பர் 24, 2023

என் புகழ்பெற்ற தங்கைக்கு,

அக்கா நலம். நர்ஸ் ட்ரினா கதையைப் படித்து விழுந்து விழுந்து சிரித்தேன், பிறகு கொஞ்சம் அழுதேன். அம்மாவை எந்தக் கிளினிக்கில் யார் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள்? இதற்காகத்தானே இந்தப் பாடெல்லாம் படுகிறேன். அந்தக் கதையை மட்டும் நிகழ்ச்சியில் சொல்லிக்கொள்ள அனுமதி கொடு. கடிதத்தில் வந்தது என்பதால் கேட்கிறேன். பார், திருந்திவிட்டேன்.

உன் புதுப் பதிவுகள் கொஞ்சம் வேலை வாங்குகின்றன. இடையிடையே நிறுத்திவிடுகிறாய். முன்பு ஒரு மணி நேரத்தில் முடிப்பேன், இப்போது பாதி நாள் போகிறது. பேசுவதற்கு முன் சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஒரு தடவை ஓட்டிக்கொள், சரளமாக வரும்.

நவம்பரில் பார்ப்போம்.
அக்கா


பெல் லாண்டிங்
அக்டோபர் 8, 2023

அக்காவுக்கு,

ஒடெஸா சுகம்.

நர்ஸ் கதையைச் சொல்லிக்கொள். நல்ல கதைதான்.

இரண்டு வாரமாகப் பதிவு அனுப்பவில்லை, கோபித்துக்கொள்ளாதே. அலமாரி வரை போய் உட்கார்ந்தால் எழுந்து வருவதற்கு மனசு வரவில்லை. எழுதுவது சுலபமாக இருக்கிறது. எழுதும்போது எத்தனை தடவை நிறுத்தினாலும் உனக்குத் தெரியாது அல்லவா.

நன்றி கூறும் நாள் வரை வேண்டாம் அக்கா. இப்போதே வா. மக்ரோனி எல்லாம் வேண்டாம். மைக்கையும் கொண்டு வராதே. சும்மா வந்து என் பக்கத்தில் உட்கார்.

லட்ரீஸ்


அட்லாண்டா
நவம்பர் 12, 2023

அன்புள்ள தம்பி கெல்வினுக்கு,

நீயும் குழந்தையும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கக் கை கூசுகிறது. இருந்தாலும் கேட்கிறேன். சாப்பிடுகிறாயா?

லட்ரீஸை அடக்கம் செய்த அன்று உன் முகத்தைப் பார்க்க முடியாமல் பாதியில் கிளம்பி வந்துவிட்டேன். அவளுடைய கடைசிக் கடிதம் வியாழக்கிழமையே என் கைக்கு வந்துவிட்டது. படித்தேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு பதிவு ஒப்புக்கொண்டிருந்தேன், அதை முடித்துவிட்டுத் திங்கள் காலையில் கிளம்பலாம் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தாய்.

பிரசவித்த பிறகு இதயம் பலவீனமாகிப் போகிற நோய் என்று டாக்டர்கள் உன்னிடம் சொன்னதை, எனக்கு ஆகஸ்டிலேயே ஒருவர் சொல்லிவிட்டார். மெம்ஃபிஸ் டாக்டரம்மா. பிப்ரவரிக்கு என்று நான் எடுத்து வைத்த பதிவை நேற்றுப் போட்டுக் கேட்டேன். "கால் வீங்கி, படுக்க முடியாம உக்காந்தே தூங்குற புதுத்தாய் உங்க வீட்டுல இருந்தா, கிளினிக்கோட நிறுத்தாதீங்க, அன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்கிறார். "அருமையாச் சொன்னீங்க" என்கிறேன் நான். அவருக்கு எதிரே உட்கார்ந்து ஒலியின் அளவு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். லட்ரீஸின் கடிதம் அப்போது என் மேஜை மேல் இருந்தது.

இன்னொன்றும் உனக்குத் தெரிய வேண்டும். லட்ரீஸ் அனுப்பிய பதிவுகளை, நான் கை வைப்பதற்கு முன் இருந்தபடியே, முதலிலிருந்து கேட்டேன். மார்ச்சில் ஒரு முழு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்லிவிட்டுச் சிரிக்கிறாள். ஜூலையில் பாதி வாக்கியத்தில் நிற்கிறாள். செப்டம்பரில் இரண்டு மூன்று வார்த்தைக்கு ஒரு மூச்சு, அதுவும் இழுத்து, இருமி. அந்த மூச்சுகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து வெட்டியது நான். வெட்டியதை ஒட்டி, அவளை ராணி மாதிரி பேச வைத்தேன். இவ்வளவு வேலை வைக்கிறாளே என்று அவளிடமே குறைப்பட்டுக்கொண்டேன். அவள் உடம்பு பேசியது தம்பி, என் காதில்தான் பேசியது. நான் உட்கார்ந்து அழித்துக்கொண்டிருந்தேன்.

நிகழ்ச்சியை நிறுத்திவிட்டேன். நீ என்னைத் திட்டினால் நல்லது.

வொனெட்டா


பெல் லாண்டிங்
டிசம்பர் 10, 2023

வொனெட்டா அக்காவுக்கு,

கெல்வின் எழுதுவது. குழந்தை நலம். நான் சாப்பிடுகிறேன். மேபலீன் அம்மாள் வாசலில் நின்று நான் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் நகர மாட்டேன் என்கிறாள்.

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. லட்ரீஸ் எழுதிய காகிதத்திலேயே மிச்சம் இருந்ததை எடுத்து எழுதுகிறேன்.

ஆகஸ்டில் அவள் கிளினிக்குக்கு எதற்குப் போனாள் என்று உங்களுக்கு எழுதியிருக்க மாட்டாள். சர்ச் படியில் பாதிக்கு மேல் ஏற முடியாமல் உட்கார்ந்துவிட்டாள். அதற்காகத்தான் போனாள். மூச்சு முட்டுகிறது என்று நர்ஸிடம் சொன்னாளாம். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "நேத்து ஒரு மூச்சுல அவ்வளவு பேசுனீங்களேம்மா" என்றாளாம். அதற்கு மேல் சொல்ல லட்ரீஸுக்கு வெட்கமாகிவிட்டது. உங்களைப் பொய்யாக்குகிற மாதிரி இருந்தது என்று என்னிடம் சொன்னாள்.

ட்ரினா போன வாரம் பனானா புட்டிங் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. "எதிர்ல உக்காந்திருந்தவள நம்பாம கார்ல கேட்டவள நம்பிட்டேங்க" என்று சொல்லி அழுதாள். பாத்திரத்தைத் திருப்பி வாங்கக்கூட இன்னும் வரவில்லை. அவளை நான் ஒன்றும் சொல்லவில்லை. நான் என்ன சொல்ல? படுக்கையில் என் பக்கத்தில் இருந்த இடம் காலியாக இருந்தது, நாற்காலியில் இருந்து அவள் மூச்சு இழுக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. அவள் போனை என் காதில் வைத்தாள். நானும் இல்லதான் என்று சொன்னேன். அந்த ஒரு வார்த்தையை நான் தினமும் கேட்கிறேன்.

ஆகையால் திட்டுகிற யோக்கியதை எனக்கு இல்லை. கோபம் இருக்கிறது. யார் மேல் என்று தெரியவில்லை, வரும்போது உங்கள் மேலும் வருகிறது. அதை மறைக்க மாட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் அடுப்பில் கஞ்சி கிளறிக்கொண்டிருந்தேன். லட்ரீஸ் சாய்வு நாற்காலியில் இருந்தாள், குழந்தை அவள் மார்மேல். குழந்தை அழுத பிறகுதான் திரும்பிப் பார்த்தேன்.

ஒடெஸாவுக்கு இப்போது தூக்கம் வருவதில்லை. அவளுக்கு உங்கள் நிகழ்ச்சியைப் போட்டுப் பார்த்தேன். அம்மா குரல்தானே என்று நினைத்தேன். யாரோ பேசுகிறார்கள் என்கிற மாதிரி இருக்கிறாள். எனக்கும் அப்படித்தான் இருக்கிறது. அதில் என் பெண்டாட்டி இல்லை அக்கா.

நீங்கள் வெட்டி எடுத்ததையெல்லாம் எனக்கு அனுப்ப முடியுமா?

கெல்வின்


அட்லாண்டா
ஜனவரி 7, 2024

அன்புள்ள தம்பிக்கு,

நீயும் ஒடெஸாவும் நலமாக இருக்க வேண்டும். என்னைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

இத்துடன் சின்னப் பெட்டி ஒன்று இருக்கிறது. பொத்தானை அமுக்கினால் பாடும். லட்ரீஸ் அலமாரிக்குள் உட்கார்ந்து பேசியது அத்தனையும் அதில் இருக்கிறது. ஒன்றையும் நான் தொடவில்லை. பிரிட்ஜ் உறுமுவதும் இருக்கிறது. நடுவில் ஓர் இடத்தில் நீ கதவைத் தட்டி, "சாப்பிட வாடி, ஆறிப்போச்சு" என்கிறாய், அதுவும் இருக்கிறது. செப்டம்பர் மாதத்தை உடனே கேட்காதே. கேட்டால் யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொள்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். பிப்ரவரியில் அந்த டாக்டரம்மாவின் பேச்சையும், கூடவே லட்ரீஸின் இந்தப் பதிவுகளையும் வெட்டாமல் போட நினைக்கிறேன். மார்ச், ஜூலை, செப்டம்பர் என்று அடுத்தடுத்து. டெட்ராய்ட்டில் தாய்மை லேசானது என்று நினைத்துக்கொண்டிருக்கிற அந்தப் பெண்ணும் கேட்க வேண்டும். அதற்குப் பிறகு நிகழ்ச்சி வேண்டுமா வேண்டாமா என்று எனக்குத் தெரியாது.

முடியாது என்று நீ சொன்னால் அத்தோடு விட்டுவிடுவேன். ஒரு காலத்தில் அவளைக் கேட்காமல் செய்தேன். இப்போது அவளைக் கேட்க முடியாது, அதனால் உன்னைக் கேட்கிறேன்.

வொனெட்டா


பெல் லாண்டிங்
பிப்ரவரி 4, 2024

வொனெட்டா அக்காவுக்கு,

நாங்கள் இருக்கிறோம். ஒடெஸாவுக்குக் கீழே ஒரு பல் வந்திருக்கிறது. பெட்டி பத்திரமாக வந்து சேர்ந்தது.

போடுங்கள். லட்ரீஸ் வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டாள், கொஞ்சம் கேலி செய்துவிட்டுச் சரி என்றிருப்பாள். நான் கதவைத் தட்டுவதையும் வெட்ட வேண்டாம். பயணம் செய்கிற மனசு வந்தால் வாருங்கள், மக்ரோனி செய்ய இங்கே ஆள் இல்லை.

பெட்டியை நேற்று சாயங்காலம் முதல் தடவையாகப் போட்டேன். மேபலீன் அம்மாள் கூட இருந்தாள். குழந்தை தரையில் உட்கார்ந்து என் காலுறையைக் கடித்துக்கொண்டிருந்தாள். லட்ரீஸ் பேசினாள், குழந்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எனக்கு மனசு விட்டுப்போய்விட்டது. பெட்டியை நிறுத்தப் போனேன்.

அப்போது லட்ரீஸ் பேச்சை நிறுத்தி மூச்சு வாங்கினாள்.

ஒடெஸா காலுறையைக் கீழே போட்டாள். அடுத்த மூச்சுக்குக் கையைத் தூக்கினாள். பேச்சு ஆரம்பித்ததும் கையை இறக்கினாள், மறுபடி மூச்சு வந்ததும் தூக்கினாள். பெட்டி என் கையில்தான் இருந்தது. அவள் பெட்டியைப் பார்க்கவில்லை அக்கா, திரும்பி அந்தச் சாய்வு நாற்காலியைப் பார்த்தாள், தூக்கிக்கொள்ளச் சொல்லி.

கெல்வின்